அம்மாவின் தெ நாதா

எனக்கு ஸ்பானிஷ் தெரியும். அந்த மொழியில் வணக்கம் சொல்லத் தெரியும், சௌக்கியமா என்று கேட்கத் தெரியும், தயவுசெய்து, மன்னிக்கணும், நன்றி, பரவாயில்லை எல்லாம் சொல்லத் தெரியும். அரைக் கிலோ தக்காளி வாங்கத் தெரியாது. யாரையாவது நாலு வார்த்தை திட்ட வேண்டுமென்றால் சுத்தமாக முடியாது. என்னை ஸ்பெயின் நாட்டில் கொண்டுபோய் விட்டால் மகா மரியாதையோடு பட்டினி கிடப்பேன்.

இந்த மரியாதை எல்லாம் எங்கள் வீட்டு மாடிப்படியில் கற்றது. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு இருந்தது. ஆசிரமத்துப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் மாடியில் ஓர் அறையும் அதற்கு ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டும் சேர்த்துக் கட்டிய காலம் அது. மலைக்காக வருகிற வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கிவிடுவார்கள். வேங்கிக்காலில் ஓர் ஆபீஸில் கிளார்க்காக இருந்த அப்பாவும் ஊரோடு ஒத்து ஓர் அறையைக் கட்டினார்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது, அந்த அறைக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு பெண்மணி குடிவந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஆனால் முடியைப் பையன் மாதிரி ஒட்ட வெட்டியிருந்ததால் ஆன்ட்டி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மாடி அக்கா என்றேன், அதுவே நிலைத்துவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ் என் அளவுக்குத்தான் தெரியும், என் இங்கிலீஷோ அரசுப் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்பு இங்கிலீஷ். இருவரும் சமமாகத் தப்பு விட்டுக்கொண்டு, மிச்சத்தைக் கையாலும் தலையாலும் ஆட்டிக் காட்டி, ஒரு குறையும் இல்லாமல் பேசிக்கொண்டோம்.

அவர் செருப்பில்லாமல் மலையைச் சுற்றுவதையோ, மணிக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதையோ எங்கள் தெருவில் யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. அதெல்லாம் எல்லா வெள்ளைக்காரரும் செய்வதுதான். அதிசயம் என்னவென்றால், அவர் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தால் ‘கிராசியாஸ்’. காலி டம்ளரை வாங்கப் போனால் அதற்கும் ‘கிராசியாஸ்’. காய்ந்த துணி காற்றில் விழுந்து எடுத்துக் கொடுத்தால், தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தால், குரங்கு வருகிறது ஜன்னலை மூடுங்கள் என்று கத்தினால், எல்லாவற்றுக்கும் கிராசியாஸ். அதுவும் நம் ஊர் தேங்க்ஸ் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு உதிர்ப்பதில்லை. செய்கிற வேலையை நிறுத்தி, நம் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்வார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் மாடிப்படியில் போய் உட்காருவேன். அவர் மூன்று படி மேலே உட்காருவார். காலைக்கு ‘புவெனோஸ் தியாஸ்’, மத்தியானத்துக்கு ‘புவெனாஸ் தார்தெஸ்’. மத்தியானம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டேன். சாப்பிட்ட பிறகு என்றார். இரண்டு மணி ஆகியும் சாப்பிடவில்லையென்றால்? அப்போதும் காலைதானாம். அவர்கள் ஊரில் மத்தியானம் கடிகாரத்தில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. இதை வகுப்பில் போய்ச் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. நானோ வழியில் வருகிற பால்காரருக்கும், சந்து முனையில் கட்டியிருந்த ஆட்டுக்கும் புவெனோஸ் தியாஸ் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் ‘கிராசியாஸ்’ என்பேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

மாடிப்படிக்குக் கீழேதான் எங்கள் சமையலறை ஜன்னல். நாங்கள் பேசுவது எல்லாம் உள்ளே கேட்கும். அம்மா அங்கே ஏதாவது அரிந்துகொண்டோ அலசிக்கொண்டோ இருப்பாள். ஒரு நாள் உள்ளேயிருந்து கேட்டாள்.

“ஏன்டி, அந்தம்மா கிராசு கிராசுன்னு சொல்லுதே, அதுக்கு நாம இன்னா பதிலு சொல்றது?”

“தெ நாதான்னு சொல்லணும்மா.”

“நாதாவா? சாமி பேரு மாதிரி கீது. இன்னா அர்த்தம்?”

“ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்.”

அம்மா சிரித்துவிட்டாள். “ஒண்ணுமே இல்லியா? விடிகாலையிலேர்ந்து அடுப்பாண்ட நின்னு வேகறது ஒண்ணுமே இல்லியா? நல்ல பாஷைடி போ.”

அதுவரை மாடிக்குக் காப்பி கொண்டுபோவது என் வேலை. மறுநாள் காலையில் நான் டம்ளருக்குக் கை நீட்டியபோது, நீ போய்ப் பல் விளக்கு என்று சொல்லிவிட்டு அம்மாவே எடுத்துக்கொண்டு ஏறினாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள் என்பது நினைவிருக்கிறது. நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன். மாடி அக்கா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து, “கிராசியாஸ்” என்றார். அம்மாவுக்குப் பதிலாக நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா, “தெ நாதா” என்றாள். தப்பே இல்லாமல் சொன்னாள். ‘நாதா’ அவள் தினமும் விளக்கேற்றும்போது வாயில் புழங்குகிற சொல்தானே. மாடி அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இன்னொரு கிராசியாஸ் சொன்னார். அம்மாவும் இன்னொரு தெ நாதா சொன்னாள். மார்கழியில் பெரிய கோலம் ஒன்றைப் போட்டுவிட்டு எட்டி நின்று பார்ப்பாளே, அப்போதுகூட அம்மாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கக் கிடைத்தால் போதும் என்று இப்போது பல நாள் தோன்றுகிறது.

அன்றிலிருந்து காப்பி அம்மாவின் பொறுப்பாகிவிட்டது. எனக்கு வேலை போயிற்று. கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

அப்பாவைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவர் நல்லவர். வெள்ளிக்கிழமைதோறும் ஆபீஸ் விட்டு வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வருவார். அதை அம்மா கையில் கொடுக்கமாட்டார், சமையலறைக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படிக்கப் போய்விடுவார். அம்மாவும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி எடுத்து வைத்துக்கொள்வாள். அம்மாவைக் கூப்பிட அவரிடம் இருந்தது ‘இந்தா’ என்ற ஒரே சொல். அதைக் கோபமாகவும் சொல்வார், கொஞ்சலாகவும் சொல்வார், பசி என்பதற்கும் அதுதான். காப்பியை வைத்தால் குடிப்பார், சோற்றைப் போட்டால் சாப்பிடுவார். நன்றாக இருந்தால் இரண்டாம் தடவை கேட்பார். அதுதான் அவர் தருகிற பட்டயம்.

நன்றி என்ற சொல் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒருமுறை அவருடைய ஆபீஸுக்குப் போயிருந்தபோது, பெரிய அதிகாரி ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்கு அப்பா மூச்சுக்கு மூச்சு ‘தேங்க்யூ சார்’ சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் அந்தச் சொல் நுழையக் கூடாது. அவர் எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்த நாளில், ஸ்பானிஷ் பழக்கத்தில் “தேங்க்ஸ்பா” என்று சொல்லிவிட்டேன். அப்பாவின் முகம் சுருங்கிப்போனது.

“நான் இன்னா கடைக்காரனா? அப்பனுக்குப் போய்த் தேங்க்ஸ் சொல்றியே. வெளியாளுக்குச் சொல்றதும்மா அது.”

அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம். உண்மையாகவே வருத்தப்பட்டார். அன்று புரிந்துகொண்டேன், நன்றி என்பது நம்மவர் இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. நம்மவர் என்றால் கொடுப்பதும் வாங்குவதும் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம் மட்டுமில்லை, தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

கார்த்திகை தீபம் வந்தது. தீபத்தன்று எங்கள் மாடிக்கு மவுசு ஜாஸ்தி. அங்கிருந்து மலையுச்சி மறைக்காமல் தெரியும் என்பதால், பெரியப்பா குடும்பத்தோடு செங்கம் பக்கத்திலிருந்து வந்துவிடுவார். அவர்களோடு யார் யாரோ உறவு என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். தீபம் பார்க்கும்வரை பெரியவர்களுக்கு விரதம். தீபம் பார்த்ததும் எல்லோருக்கும் இலை போட வேண்டும். அம்மா விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அத்தனை பேருக்கும் சமைத்தாள். விரதம் என்பதால் எதையும் ருசி பார்க்கவும் கூடாது. உப்பு உறைப்பெல்லாம் வாசனையை வைத்தே போடுவாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மலையுச்சியில் தீபம் தெரிந்தது. ஊர் முழுக்க அரோகரா என்று கத்தியது. மாடி அக்கா அழுதுகொண்டே கும்பிட்டார். பெரியப்பா அவரைப் பார்த்துவிட்டு, நம்மாளுங்களுக்கு இந்த பக்தி கம்மி என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் கீழே இறங்கி வந்து வரிசையாக உட்கார்ந்தோம். மாடி அக்காவும் எனக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அம்மா பரிமாறினாள். உப்பு வைத்தால் கிராசியாஸ். வடை வைத்தால் கிராசியாஸ். அம்மாவும் குனிந்தபடியே ஒவ்வொன்றுக்கும் “தெ நாதா” சொல்லிக்கொண்டு நகர்ந்தாள். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மா வெட்கப்பட்டாள், ஆனாலும் விடாமல் சொன்னாள். சாம்பார் வந்தபோது மாடி அக்கா என்னிடம், உன் அம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே, ருசி பார்க்காமல் எப்படி இப்படிச் சமைத்தாள் என்று கேட்டார். நான் அதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அந்தக் கேள்வியை அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் பெரியப்பா வாயைத் திறந்தார்.

“இன்னாப்பா இது, இந்தம்மா தண்ணிக்கும் தேங்க்ஸ் சொல்லுது, உப்புக்கும் தேங்க்ஸ் சொல்லுது. வாடகைக்கு இருக்கறவங்கன்னு பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு.”

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. தன் வீட்டு இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரை இன்னொருவர் வெளியாள் என்று சொல்வதா? அவர் இலையைவிட்டு எழுந்திருக்காத குறைதான்.

“யாரு வாடகைக்கு? ஏம்மா, அக்காகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. இனிமே அவங்க நம்ம வீட்டு மனுஷி. நம்ம வீட்ல யாரும் யாருக்கும் தேங்க்ஸ் சொல்லிக்கிறதில்ல. சொன்னா எங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்னு சொல்லு.”

அப்பா தன் வாழ்நாளில் ஒரு வெளிமனிதருக்குக் கொடுத்த மிகப் பெரிய மரியாதை அது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மாடி அக்கா எங்கள் வீட்டு மனுஷி! என் இங்கிலீஷையெல்லாம் திரட்டி மொழிபெயர்த்தேன். நீ வாடகை இல்லை, நீ எங்கள் வீடு, எங்கள் வீட்டில் கிராசியாஸ் இல்லை என்கிற மாதிரி ஏதோ வந்தது. அப்பாவுக்கு அதில் ஒரு சொல் மட்டும் புரிந்து, “ஏய், வாடகை உண்டுன்னு சொல்லு” என்று பதறினார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

மாடி அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். கண் மறுபடி கலங்கியது. அந்த நேரம் பார்த்து அம்மா அவருடைய இலையில் ரசம் ஊற்றினாள். அக்காவின் வாய் பழக்கதோஷத்தில் கிராசியாஸுக்குக் குவிந்தது. சட்டென்று நினைவு வந்து, எச்சில்படாத கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வீடே அதிர்ந்து சிரித்தது. பெரியப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மாவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. அவளுடைய உதடும் பாதி திறந்திருந்தது.

மறுநாள் காலை அம்மா காப்பியோடு மாடிக்குப் போனாள். அக்கா இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டு, நம் ஊர் மாதிரியே தலையை ஒரு பக்கமாக ஆட்டினார். அவ்வளவுதான். அம்மா ஒரு நிமிஷம் நின்றுவிட்டு இறங்கி வந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அக்கா சொன்ன சொல் தவறாதவர். எங்கள் வீட்டுப் பழக்கத்தை அப்பா தனக்குக் கொடுத்த பரிசு மாதிரி பத்திரமாக வைத்துக்கொண்டார்.

“அந்தம்மாவுக்கு என் மேல ஏதாவது வருத்தமாடி?” என்று அம்மா ஒரு நாள் கேட்டாள்.

“இல்லம்மா, அவங்கதான் இப்ப நம்ம வீட்டு ஆளாயிட்டாங்களே.”

“ஆமாமா” என்றாள் அம்மா. “அதுவும் நல்லதுதான்.”

பிறகு சில வாரம் எங்கள் வீட்டில் பலகாரம் அமர்க்களப்பட்டது. பணியாரம், கொழுக்கட்டை, ஒரு நாள் அதிரசம். தட்டில் வைத்து அம்மாவே மாடிக்கு எடுத்துப் போவாள். அக்கா கண்ணை மூடி ரசித்துச் சாப்பிடுவார், அம்மாவின் கையைப் பிடித்து அழுத்துவார், இன்னொன்று கேட்டுச் சாப்பிடுவார். அப்பாவுக்கு இதில் பரம திருப்தி. பார்த்தியா, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரியே கேட்டுச் சாப்பிடுறாங்க என்பார். பொங்கல் கழிந்த பிறகு ஒரு காலையில் அம்மா டம்ளரை என்னிடம் நீட்டி, “நீயே குடுத்துட்டு வா, எனக்கு வேலை கீது” என்றாள். என் பழைய வேலை எனக்கே திரும்பி வந்துவிட்டது என்று குதித்துக்கொண்டு ஏறினேன்.

இப்போது என் வீட்டில் தேங்க்ஸுக்குப் பஞ்சமில்லை. உப்பு ஜாடியை நகர்த்தினால் என் மகள் தேங்க்ஸ் சொல்கிறாள். அவள் அப்பாவும் காப்பியை வாங்கிக்கொண்டு, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தேங்க்ஸ் சொல்கிறார். நானும் ம் என்றுவிட்டுப் போகிறேன். சில நாள் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறேன். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளுக்குச் சேர வேண்டியதெல்லாம் எனக்கு வந்துகொண்டிருக்கிறதே என்று இருக்கிறது.

மாசி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் மாடி அக்கா ஊருக்குக் கிளம்பினார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்பா பெட்டியை ஏற்றினார். அக்கா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. எங்கள் தெருவில் அப்படிக் கட்டிப்பிடிக்கிற பழக்கம் கிடையாது, அம்மாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு அக்கா விலகி நின்று, அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தார். பழைய பார்வை. உதடு குவிந்தது. அம்மா அசையாமல் நின்றாள்.

அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார், சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி. எனக்கு அவர் கடைசி நேரத்தில் வெளியாளாகிவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது. கூடாது என்று பலமாகத் தலையாட்டினேன். அவர் அழுகையும் சிரிப்புமாக எனக்குத் தலையாட்டிவிட்டு, நான் சொல்லிக் கொடுத்திருந்தபடியே தமிழில் “போயிட்டு வரேன்மா” என்றார். சுத்தமான உச்சரிப்பு. அப்பா கைதட்டினார்.

ஆட்டோ கிளம்பி, தெருக்கோடி வரை போய், செங்கம் ரோட்டில் திரும்பி மறைந்தது. அப்பா உள்ளே போய்விட்டார். அம்மா மட்டும் வாசலிலேயே நின்றாள். யாரும் இல்லாத தெருவைப் பார்த்து, மெதுவாக, “தெ நாதா” என்றாள்.

அம்மா தப்பாகச் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

“அய்யோ அம்மா, கிளம்பும்போது அது இல்ல. ‘ஆஸ்தா லுவேகோ’ன்னு சொல்லணும்.”

“அப்படியா?” என்றாள் அம்மா. “எனக்கு இன்னா தெரியுது, மறந்துபோச்சு.”

அன்று சாயங்காலம் எனக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பசியில் வேகவேகமாகத் தின்றேன். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை அம்மா தட்டுக்குப் பக்கத்திலேயே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் வேண்டுமா என்று கேட்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, போதும்மா என்று சொல்லிவிட்டு விளையாட ஓடினேன்.